நான்காம் வாசல் வெயில்

எங்கள் கோணிச்சந்துக்குச் சூரியன் வருஷத்துக்கு இருபது நாள்தான் வரும், வந்தாலும் உச்சிப்பொழுதில் ஒன்றரை மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிற சம்பந்தி மாதிரிப் போய்விடும். பாரிமுனைக்கு வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும், வாளியும் பம்பரமும் மலையாகக் குவிந்த மொத்த வியாபாரக் கடைகளையும், கைவண்டிக்காரர்கள் ‘ஓரம், ஓரம்’ என்று கத்திக்கொண்டு போகிற பெரிய தெருக்களையும் பார்த்துவிட்டு, ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அந்தத் தெருக்களுக்கு முதுகு என்று ஒன்று உண்டு, அந்த முதுகில் நாங்கள் ஒன்பது வாசல்காரர்கள் குடியிருக்கிறோம். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்; இரண்டு பக்கத்து மாடிகளும் மேலே போகப் போக நெருங்கி நிற்கும்; மிச்சமிருந்த வானத்தையும் கிடங்குக்காரர்கள் தகரம் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு புயலில் ஒரே ஒரு தகரம் பறந்துபோனது. அதைத் திரும்பப் போட வந்த ஆளை நாங்கள் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

அந்த ஓட்டை வழியாக, பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை பாதி வரைக்கும், சூரியன் நேர் உச்சியில் போகிற நாட்களில், ஒரு பாய் விரித்த அளவு வெயில் சந்துக்குள் இறங்கும். முதல் வாசலில் இறங்கி, வாசலுக்குப் பத்து நிமிஷமாக நகர்ந்து நகர்ந்து, ஒன்பதாம் வாசலைத் தாண்டிச் சுவரேறிப் போய்விடும். இதற்கு நாங்கள் வெயில்முறை என்று பேர் வைத்திருக்கிறோம். எந்த வாசலில் வெயில் விழுகிறதோ அந்த வாசலுக்கு அது சொந்தம். அந்த வீட்டுத் தலையணையும் மிளகாயும் ஊறுகாய் ஜாடியும் எண்ணெய் தேய்த்து முழுகிய தலையும் அதில் காயலாம். மற்ற வாசல்காரர் கேட்காமல் ஒரு விரலைக்கூட அதில் நீட்டக் கூடாது. வெயிலில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போகக் கூடாது, வந்த விருந்தாளியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. வெயிலின் விளிம்பு அடுத்த வாசற்படியைத் தொட்டதும் அந்த வீட்டுக்காரர் “என் வாசல்” என்று குரல் கொடுப்பார், உட்கார்ந்திருந்தவர் காலை இழுத்துக்கொள்வார். குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்ட நாங்கள் வெயிலுக்காக ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, வெயில் நான்காம் வாசலில் இருந்தபோது, தோளில் கேமராவோடு பியாட்ரிஸ் என்கிற பெண் சந்துக்குள் வந்தார். பெரம்பூர்க்காரர், வங்கியில் வேலை, நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். இரண்டாம் சனிக்கிழமை லீவு என்றால் மற்றவர்கள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். இவர் பெரிய தெருக்களின் பின்பக்கங்களில் வழி தவறுவதற்கென்றே கிளம்பி வருவார். முட்டுச்சந்து வந்தால் சந்தோஷப்படுகிற மனுஷியை நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

நான்காம் வாசலில் அஞ்சுகம் மணை போட்டு உட்கார்ந்து, முழுகிய தலையைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் நாலு முழம் மல்லிகை. அவளுக்கு அன்று ஆறாம் மாதத்தில் பதினோராம் நாள். அவள் புருஷன் தணிகாசலம் பத்திரிகைக் கடையில் கவருக்குப் பசை தடவுகிற வேலையில் இருந்தான். மூன்றாம் வாசல் பட்டம்மாள் தன் முறை முடிந்தும் வடகம் காயவில்லையே என்று, அஞ்சுகத்தைக் கேட்டு ஒரு தட்டை அவள் காலடியில் வைத்திருந்தாள். ஐந்தாம் வாசலில் வளையல் வியாபாரி நாகூர்கனி பாய், ஒரு வருஷமாக ஈரம் ஊறிப் புளித்த நாற்றம் அடித்துக்கொண்டிருந்த தன் இலவம்பஞ்சுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்கத் தொண்டையைச் செருமியபடி காத்திருந்தார்.

“படம் எடுத்துக்கலாங்களா?” என்றார் பியாட்ரிஸ்.

“முழுகாம இருக்கறேங்க. படம் எடுத்தா ஆவாதுன்னு சொல்வாங்க.”

“அப்ப நீங்க வேணாம். இந்த வெயில மட்டும் எடுத்துக்கறேன்.”

“கால் தெரியுமா?”

“பாதம் மட்டும் தெரியும்.”

“பாதத்துல இன்னா இருக்குது. எடுத்துக்கங்க” என்று அஞ்சுகம் வயிற்றின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. கேமரா ஒரு தரம் கிளிக் என்றது, பியாட்ரிஸ் நன்றி சொல்லிவிட்டு அடுத்த முட்டுச்சந்தைத் தேடிக்கொண்டு போனார். வெயில் நகரவில்லை.

நாகூர்கனி பாய் காத்திருந்தார். வெயிலின் விளிம்பு அவருடைய வாசற்படிக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றிருந்தது, தொடாத வெயிலுக்குக் குரல் கொடுப்பது மரியாதையில்லை. அவர் அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார், அது அங்கேயே இருந்தது. மக்ரிப் தொழுதுவிட்டு வந்தார், பெரிய தெருவில் விளக்குப் போட்டாயிற்று, எங்கள் வீடுகளில் டியூப் லைட் எரிந்தது, நான்காம் வாசலில் மட்டும் உச்சிவெயில் பாயாக விரிந்து கிடந்தது. அஞ்சுகமும் எழுந்திருக்கவில்லை, விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை, அடுத்த வாசலும் கேட்கவில்லை, எப்படி எழுந்திருப்பாள். மறுநாளும் இருந்தாள். பசிக்கவில்லை என்றாள், கால் மரத்துப்போகவில்லை என்றாள், கொல்லைப்புறம் போக வேண்டும் என்றுகூட இல்லை என்று கூச்சத்தோடு பட்டம்மாளிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் பட்டம்மாள் வடகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிழிந்த அப்போதைக்கு இருந்த ஈரம் அப்படியே இருந்தது. மல்லிகையை முகர்ந்து பார்த்தாள், அன்றைக்குக் கட்டிய வாசனை. வெயிலுக்குள் கையை விட்டு வெளியே எடுத்து, தன் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இங்க நேரம் நவுரல. மூணு நாளா மணி பன்னண்டு முப்பத்தெட்டுதான்.”

நாங்கள் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. அதிசயத்தை அதிசயம் என்று நின்று பார்க்க வேலை வெட்டி இல்லாதவனாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு கவலை இருந்தது. ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து வாசல்களுக்கு அந்த வருஷத்து வெயிலே போய்விட்டது. ஏழாம் வாசலில் அரிசியில் பூச்சி வைத்தது, எட்டாம் வாசல் ஊறுகாயில் பூஞ்சை பூத்தது. மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை பியாட்ரிஸ் மறுபடி வந்தபோது ஐந்து வாசல்காரர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கேமராவை எடுத்தார், அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார், “இப்பவே அழிச்சிடறேங்க” என்றார்.

“அழிக்காதீங்க” என்றாள் அஞ்சுகம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ஏழாம் மாசம் வரவே வேணாம்” என்றாள்.

அவள் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குத் தெரியும். மூன்று தடவை வளைகாப்புக்கு நாள் குறித்து, மூன்று தடவையும் நாகூர்கனி பாய் கண்ணாடி வளையல் எடுத்து வைத்து, மூன்று தடவையும் ஏழாம் மாதம் பிறந்த சில நாளில் தணிகாசலம் ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு தனியாக வந்திருக்கிறான். அந்த வளையல்களை பாய் வேறு யாருக்கும் விற்கவில்லை, மூன்று பெட்டியும் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வெயிலில் உட்கார்ந்தால் வடகம் காயாது, பூ வாடாது, ஏழாம் மாதம் வராது என்று அஞ்சுகம் மூன்றாம் நாளே கணக்குப் போட்டுவிட்டாள். அந்த வாசலில் இருக்கும்வரை அவள் பிள்ளையை யாரும் அவளிடமிருந்து எடுக்க முடியாது.

நாகூர்கனி பாய் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இது நாறினா நாறிட்டுப் போவட்டும்” என்றார். “தங்கச்சி உக்காந்திருக்கட்டும். நான் குரல் குடுக்க மாட்டேன்.” ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும் அவர் பின்னாலேயே கலைந்து போனோம்.

அதற்கப்புறம் அது எங்களுக்குப் பழகிவிட்டது, எதுதான் பழகவில்லை. பூக்கடைப் பெண்கள் விற்காமல் மிஞ்சிய சரத்தை அஞ்சுகத்தைக் கேட்டு வெயிலின் ஓரத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறாம் வாசலில் பால் பாக்கெட் கெட்டுப்போவது நின்றது. அஞ்சுகத்தின் நாத்தனார் செங்கல்பட்டிலிருந்து வந்து, “இன்னாம்மா, பன்னண்டு மாசம் ஆவுதே, யானைக்குட்டியா சுமக்கறே” என்று கேட்டபோது, பட்டம்மாள் அவளுக்குச் சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பி வைத்தாள். அப்போது மணி காலை பதினொன்றுதான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஓட்டை வழியாகச் சந்து முழுக்கத் தண்ணீர் கொட்டியது, நாங்கள் முழங்கால் தண்ணீரில் சாமான்களைப் பரணில் ஏற்றினோம், வெயிலில் மட்டும் ஒரு துளி விழவில்லை, அந்த மத்தியானத்தில் மழை கிடையாது. சந்தெல்லாம் கறுப்புத் தண்ணீர் ஓட, நடுவில் ஒரு பாய் அளவு காய்ந்த தரையில், தலையில் வாடாத பூவோடு அஞ்சுகம் மணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கையில் ஒரு வேலை கொடுக்கக்கூட எங்களால் முடியவில்லை. வெயிலுக்குள் பருப்பு ஊறாது, பசை காயாது.

தணிகாசலம் தினமும் வேலை முடிந்து வந்து, வெயிலுக்கு வெளியே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை மட்டும் உள்ளே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொள்வான். அவனும் உள்ளே போய்விட்டால் வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை. தீபாவளி வந்தபோது அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது, இடது கை நகங்களை வாரத்துக்கொரு தரம் வெட்டினான், வலது கை நகங்கள் வளர மறந்து கிடந்தன. அவள் அதைத் தடவிப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்தால் எங்களுக்கு அழுகை வரும், அதை இன்றைக்குச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

பியாட்ரிஸ் ஒவ்வோர் இரண்டாம் சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். பழைய கேமராவை மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார், அதில் அப்புறம் ஒரு படமும் எடுக்கவில்லை, அதைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். வேறொரு சின்னக் கேமராவோடு பின்தெருக்களையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் சந்துக்கு வந்து, இருட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எழுந்து வர முடியாத அஞ்சுகத்துக்கு அந்தத் தெருக்களைக் காட்டுவார். சாத்திய கடையின் தராசுத் தட்டில் தூங்குகிற பூனை, சாயம் போட்டு மாடிக்கு மாடி கட்டிக் காயவிட்ட நூல், பூட்டிய கிடங்குக் கதவின் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, சலூன் வாசலில் கண்ணாடிக்குத் தலை எட்டாமல் எம்பி எம்பிப் பார்க்கிற ஒரு சின்னப் பெண். அஞ்சுகம் பிறந்து வளர்ந்தது பாரிமுனையில்தான், ஆனாலும் இதையெல்லாம் பார்த்ததில்லை என்றாள். மாதாமாதம் அந்த அரசங்கன்று எத்தனை இலை விட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

ஜனவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும், பியாட்ரிஸ் காட்டிய படத்தில் அந்த சலூன் பெண் கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எம்பவில்லை. அஞ்சுகம் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

“வளந்துட்டா” என்றாள். அப்புறம், “அக்கா, என் படத்தக் காட்டுங்க. நான் அத சரியா பாத்ததே இல்ல” என்றாள்.

பியாட்ரிஸ் மஞ்சள் துணியைப் பிரித்தார். விரல் எதிலும் பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். சின்னத் திரையில் வெயில், தரை, வடகத் தட்டின் ஓரம், இரண்டு பாதங்கள். இடது பாதம் சும்மா இருந்தது. வலது பாதத்தின் கட்டைவிரல் உள்பக்கமாக இறுக்கி மடங்கியிருந்தது.

அஞ்சுகம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல் இன்னும் அப்படியே மடங்கியிருந்தது. அவள் முகம் மாறுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“அக்கா, அது உதைக்க வந்துச்சு” என்றாள். “நீங்க படம் எடுக்கறப்ப. விலாக்கிட்ட இருந்து காலத் தூக்கிச்சு. அது உதைக்கும்னா என் விரல் தானா மடங்கும், எப்பவும் அப்படித்தான். ஆனா உதை விழல.” அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஒம்போது மாசமா விழல. நான் அது தூங்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

தணிகாசலம் வெயிலுக்குள் நீட்டியிருந்த கையை எடுக்கவில்லை. “அஞ்சு, வேணாம்” என்றான். “இன்னும் பத்தொம்போது நாள்ல ஏழாம் மாசம். எனக்கு இன்னொரு தபா தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குமா?” என்றாள் அவள். “ஆனா அது தூக்கின கால எறக்காம ஒம்போது மாசமா நிக்குதுங்க. அதுக்குக் கால் நோவாதா?”

நாங்கள் ஒன்பது மாதமாக வாசல்களை விட்டுக்கொடுத்து, வழியில் போகிறவனையெல்லாம் அதட்டி, அந்த வெயிலுக்குக் காவல் இருந்தவர்கள். உள்ளே ஒரு பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தணிகாசலம் கடைசியில் கையை வெளியே எடுத்துக்கொண்டான். அவள் நாகூர்கனி பாய் பக்கம் திரும்பினாள்.

“பாய், உங்க முறையக் கேளுங்க.”

“வெயில் இன்னும் என் படியத் தொடலம்மா.”

“தொடாது. நீங்க கேட்டாத்தான் வரும். நீங்க கேக்காம நான் எப்படி எழுந்துக்கறது?”

பாய் உள்ளே போனார், போனவர் வரமாட்டாரோ என்று நினைத்தோம். தலையணையோடு திரும்பி வந்தார். தன் வாசலில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார், குரல் வரவில்லை, மறுபடி செருமினார். ஊரெல்லாம் வளையல் வளையல் என்று கூவி விற்கிறவருக்கு இரண்டு வார்த்தை சொல்ல அவ்வளவு நேரம் ஆயிற்று.

“என் வாசல்” என்றார்.

அஞ்சுகம் காலை இழுத்துக்கொண்டாள். இருட்டுக்குள் இரண்டு பாதமும் வந்ததும் அவள் ‘ஹக்’ என்று மூச்சை இழுத்துக்கொண்டு விலாவைப் பிடித்தாள், பட்டம்மாள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். “விழுந்துச்சு” என்றாள் அஞ்சுகம், “க்கா, விழுந்துச்சு, யம்மா, எவ்ளோ பலமா உதைக்குது பாருங்க” என்று அழுதுகொண்டே தணிகாசலத்தின் கையை இழுத்து விலாவில் வைத்தாள். மல்லிகை அவள் தலையிலேயே வாடி, ஒன்பது மாதத்து வாசனையை ஒரே மூச்சில் விட்டது. மார்கழி மேகத்துக்குக் கீழே, போன பங்குனியின் உச்சிவெயில் ஐந்தாம் வாசலில் ஏறி, தலையணை மேல் பத்து நிமிஷம் இருந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று கடன் வைக்காமல் ஒவ்வொரு வாசலிலும் இருந்து, சுவரேறிப் போனது. பியாட்ரிஸ் கேமராவைப் பார்த்தார். படத்தில் தரையும் வடகத் தட்டின் ஓரமும் இருந்தன, கால்கள் இல்லை.

ஏழாம் மாதம் வந்தது. நாங்கள் சத்தம் போட்டுப் பேசுவதை விட்டோம், கைவண்டிகளைச் சந்து முனையிலேயே நிறுத்தினோம், குழாயடியில்கூடச் சண்டை இல்லை. முதல் வாரம் போயிற்று, இரண்டாம் வாரம் போயிற்று, ஒவ்வொரு நாள் விடியும்போதும் பட்டம்மாள் நான்காம் வாசலில் நின்று “உதைச்சுதாடி?” என்று கேட்பாள், உள்ளேயிருந்து “உதைச்சுதுக்கா” என்று பதில் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். ஒன்பதாம் மாதத்தில் நாகூர்கனி பாய் பரணிலிருந்து மூன்று பெட்டிகளையும் இறக்கினார், புதிதாக நான்காவதும் எடுத்தார், அஞ்சுகத்துக்கு முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினோம்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நாலாம் நாள், பிள்ளைக்கு உடம்பில் மஞ்சள் பூத்திருக்கிறது, கொஞ்ச நேரம் இளவெயில் காட்டுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். எங்கள் சந்தில் இளவெயிலுக்கு எங்கே போவது, இருக்கிற வெயிலைத்தான் காட்ட முடியும். அன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை. முதல் வாசல், இரண்டாம் வாசல், மூன்றாம் வாசல் என்று நகர்ந்து வந்த வெயில் நான்காம் வாசலில் இறங்கியதும், அஞ்சுகம் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மறைத்து, இரண்டு பாதங்களை மட்டும் வெயிலில் காட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

பியாட்ரிஸ் சந்து முனையில் நின்றிருந்தார். அவர் கை பழக்கத்தில் பைக்குள் போனது, கேமராவைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது. வெறும் கையை வெளியே எடுத்துக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை ஒரு காலைத் தூக்கியது, கட்டைவிரலை மடக்கியது, காற்றில் ஓங்கி ஒரு உதை விட்டது.

“என் வாசல்” என்றார் நாகூர்கனி பாய்.

வெயில் அவருடைய படிக்கு இன்னும் ஒரு முழம் தள்ளியிருந்தது. தலையணையை அவர் வெளியே எடுத்துக்கொண்டு வரக்கூட இல்லை, அவர் கண் பியாட்ரிஸின் பை மேலேயே இருந்தது. எங்கள் சந்தில் முறை தவறி ஒருவர் குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அஞ்சுகம் சிரித்துக்கொண்டே பிள்ளையின் காலை மடியில் இழுத்துக்கொண்டாள்.